ஆடுகிற பேரிங்

ஒக்டோபர் 15, செவ்வாய்

மீன் வியாபாரி யோசப் அண்ணையின் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு, கிராங் தண்டைத் தாங்கும் பேரிங் வாங்க, கராச்சில் எனக்கு வேலை பழக்கும் அத்தானோடு கிளிநொச்சிக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு காட்டினார். அத்தான் ஒன்றை ஆட்டிப் பார்த்து, “இது ஆடுது, மற்றதைத் தாங்கோ” என்றார். ஆடியதில் C3 என்று பொறித்திருந்தது; உள்ளே இடைவெளி கூடியது என்று அர்த்தம். கழற்றிய பழையதிலும் அதே எழுத்துத்தான், கழுவும்போது கண்டனான். சூட்டில் இரும்பு விரிய அந்த இடைவெளி வேண்டும். கடை நிறைய ஆண்கள், பெண் நான் மட்டும்தான். நான் வாயே திறக்கவில்லை.

ஆடாததையே வாங்கி வந்தோம். பின்னேரம் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் அத்தானிடம் இதைச் சொன்னேன். ஓடும்போது எஞ்சின் இறுகி நின்றால் யோசப் அண்ணை பூநகரி வெட்டவெளியில் மீன்பெட்டியோடு நிற்பார்.

“ஏன், கடையில வாய்க்குள்ள கொழுக்கட்டையே?” என்றார் அத்தான். பிறகு நட்டுகளைக் கழற்றினார். “நாளைக்கு நீயே போய் வாங்கிக்கொண்டு வா.”

“பிள்ளை, அது ஆடுமே” என்று கடைக்காரர் சொல்லுவார். அத்தனை பேருக்கும் முன்னால், “ஓம், அதுதான் வேணும்” என்று நான் சொல்ல வேண்டும்.