ஆரம்பாக்கம் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆரம்பாக்கம்
5.2.2024

என் மைத்ரேயிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். தினமும் காலையில் ரேடியோவில் உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். உனக்குச் சளி பிடித்தால் உன் அம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சலித்துக்கொள்ளாதே. வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். காகிதத்தில் எழுதினால்தான் இரண்டு பக்கம் பதில் வருகிறது. திருவள்ளூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது நீ பேசியதற்கெல்லாம் நான் திட்டு வாங்கினேனே, அதற்காகவாவது பொறுமையாகப் படி.

விஷயம் இதுதான். எங்கள் ஏரித் தண்ணீர் கெட்டுவிட்டது. இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்று ஏரிக் கால்வாயில் குழாய் விட்டிருக்கிறது. மழை நின்றதிலிருந்து தண்ணீர் துருநிறமாக வருகிறது, வயலில் இறங்கினால் கால் அரிக்கிறது. நவரை நெற்பயிர் நுனி கருகி நிற்கிறது. கதிர் வருவதற்குள் அந்தக் குழாயை அடைக்காவிட்டால் இந்தப் போகம் வைக்கோலுக்குக்கூட ஆகாது. மனு கொடுத்துப் பார்த்தோம். டிவிக்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். "யாராச்சும் செத்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

அதனால் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலையில், தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் உட்காரப் போகிறோம். லாரிகள் அரை நாள் நின்றுவிட்டால் கம்பெனிக்காரனே தாசில்தாரைக் கூப்பிட்டு அனுப்புவான். பக்கத்து ஊரில் அப்படித்தான் நடந்தது. தாசில்தார் வந்து தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் உன் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேன். "பாட்டு போடற பொண்ண இன்னாத்துக்கு இதுல இஸ்க்கற" என்கிறார் என் வீட்டுக்காரர் அன்புராஜ். அவருக்கு உன்னைத் தெரியாது.

உன்,
செல்வி


சென்னை
11.2.2024

அடி செல்வி,

பயிர் கருகுகிறது என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. உன் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் எங்கள் நிகழ்ச்சித் தலைவர் பூவராகவன் சாரிடம் பேசினேன்.

எங்களைப் போன்ற தனியார் எஃப்.எம்.மில் நாங்களாகச் செய்தி சொல்லக்கூடாது, செல்வி. சட்டமே அப்படி. நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லலாம். மழை வருமா, எந்த ரோட்டில் நெரிசல் என்று சொல்லலாம். ஏரி கெட்டுவிட்டது என்று சொன்னால் அது செய்தியாகிவிடும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விளம்பரம் கொடுக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம்தான் இங்கே பெரிது. "காலங்கார்த்தால ஆபீஸ் போறவன் மூடைக் கெடுக்காதே மைத்ரேயி" என்றார் சார், சிரித்துக்கொண்டேதான்.

ஆனால் உன் சினேகிதி சும்மா விடுவாளா? போக்குவரத்துத் தகவல் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் எதற்காக என்று நாலு பேராவது விசாரிக்கமாட்டார்களா? பத்திரிகைக்காரர் காதில் விழாதா? என் மூளையைக் கொஞ்சம் மெச்சிக்கொள்.

அப்பா உங்கள் பயிருக்காகப் பெருமாளிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அவர் சன்னிதியில் செய்தி சொல்லத் தடை ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ரேடியோவை மறக்காதே.

உன் வாயாடி,
மைத்ரேயி


ஆரம்பாக்கம்
22.2.2024

மைத்ரேயி,

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத வருமோ என்னவோ.

திங்கட்கிழமை விடிந்ததும் போய் உட்கார்ந்தோம். என் மாமியார்கூட முட்டிவலியோடு வந்துவிட்டார். லாரிகள் பைபாஸ் வரைக்கும் வரிசைகட்டி நின்றன. கம்பெனி ஆள் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். நினைத்தது நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது.

எதிர்வீட்டுக் கெங்கம்மாள் தன் மருமகனின் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். எல்லோரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தது நான்தானே. "ஆரம்பாக்கம் பக்கம் தொழிற்பேட்டை ரோட்டுல போறவங்க கவனத்துக்கு" என்று ஆரம்பித்தாய். "நம்ம ஊரு பேரு சொல்லுதுடி, நம்ம செல்வியோட சினேகிதி" என்று கெங்கம்மாள் கை தட்டினாள். நாங்கள் எல்லோரும் தட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன், மைத்ரேயி.

அதற்குள் நீ அடுத்த வரிக்குப் போய்விட்டாய். "பெண்கள் சாலை மறியல் பண்றாங்க. லாரி, வேன்ல வர்றவங்க டென்ஷன் ஆகாம பைபாஸ்ல இன்னும் கொஞ்சம் நேரா போயி, மேற்கு கேட் வழியா உள்ள போயிடுங்க." உடனே ஒரு பாட்டு.

அந்த ரேடியோ எங்கள் ஆட்டோவில் மட்டுமா ஓடியது? லாரி லாரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டிரைவர் இறங்கி வந்து என்னையே கேட்டார்: "இன்னாமா, மேற்கால ஒரு கேட்டு கீதாமே, எப்டிப் போவணும்?" பின்னால் நின்றவை முதலில் திரும்பின. பிறகு எல்லாம் திரும்பின. வெயில் ஏறுவதற்குள் ரோடு காலி. நாங்கள் மட்டும் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தோம். போலீஸ்காரர் கோபப்படக்கூட இல்லை. "யாரைம்மா மறிச்சிக்கினு கீறீங்க? ஊட்டுக்குப் போங்க" என்றார். தாசில்தார் ஏன் வரப்போகிறார்?

சாயங்காலம் டிவியில் வந்தோம். தூரத்திலிருந்து எங்கள் முதுகைக் காட்டினார்கள். ஆபீசுக்குத் தாமதமானதைப் பற்றி ஒரு பெண் பேசியது நன்றாகக் கேட்டது. ஏரி என்ற சொல் வரவில்லை. கீழே "சாலை மறியலால் பொதுமக்கள் அவதி" என்று ஓடியது. "அவங்கதான் பொதுமக்கள்னா நாமெல்லாம் யாருடி?" என்று கேட்டார் என் மாமியார். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

லாரி நிற்க வேண்டும் என்றுதானே உனக்கு எழுதினேன்? அந்த வரியை நீ படிக்கவில்லையா?

செல்வி


சென்னை
3.3.2024

செல்வி,

படித்தேன். படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். அதுதான் எனக்கே தாங்கவில்லை.

அந்தப் பகுதிக்கு என்று ஓர் அச்சு இருக்கிறது. ரோட்டின் பெயர், ஒரு வார்த்தையில் காரணம், மாற்றுப் பாதை. எத்தனையோ வருஷமாக அப்படியே சொல்லிச் சொல்லி, மாற்றுப் பாதை சொல்லாமல் எனக்கு அந்த வாக்கியம் முடியாது. உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டோம் என்ற பூரிப்பில், யாரிடம் சொல்கிறேன் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. நான் காலையில் பேசுவது ரோட்டில் போகிறவர்களோடு. ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேச அங்கே இடமே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். அன்று மதியமே லாரி வைத்திருக்கிற நிறுவனம் ஒன்று நன்றி சொல்லிப் போன் செய்ததாம். இந்த மாதத்திலிருந்து போக்குவரத்துத் தகவல் பகுதியை விளம்பரம் கொடுத்து வழங்குவது அவர்கள்தான். பூவராகவன் சார் மீட்டிங்கில் எனக்காகக் கை தட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். நடந்தது என்னவென்று நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும். தேங்க்யூ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தெரிந்த பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரிடம் உங்கள் ஏரியைப் பற்றிச் சொன்னேன். மறியல் முடிந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது என்கிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட உன் மாமியார் காலில் விழுந்தேன் என்று சொல்.

பயிர் எப்படி இருக்கிறது? குழாயை அடைத்தார்களா? என்னைத் திட்டியாவது எழுது, செல்வி. உன்னிடமிருந்து ஒன்றும் வராமல் என்னால் இருக்க முடியாது.

உன்,
மைத்ரேயி


ஆரம்பாக்கம்
16.6.2024

அன்புள்ள மைத்ரேயிக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மார்ச்சில் எழுதியதும் அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பெரியவன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தேறிவிட்டான். முந்தாநாள் நல்ல மழை. மாமியாருக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறார். காலை ஷிப்டு என்பதால் வீட்டில் எல்லோரும் சீக்கிரம் எழுந்துவிடுகிறோம். எந்தக் கம்பெனி என்று கேட்காதே.

பயிரைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். எழுதலாம் என்றுதான் நேற்றுக்கூட உட்கார்ந்தேன். உன்னிடம் சொன்னால் அது கடைசியில் யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசனை ஓடியது. உன்னிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் நான் யோசித்தது இதுதான் முதல் தடவை. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நீ கேட்டபடி நாலு பக்கம் திட்டி எழுதியிருப்பேன். நீ கெட்டவளும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத வரவில்லை.

அப்பா, அம்மா இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் நிகழ்ச்சி நன்றாகப் போகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சந்தோஷம்.

இப்படிக்கு,
அ. தமிழ்செல்வி