இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் பிரியமுள்ள பவி அப்பாவுக்கு,

மேலே இருந்த வரைக்கும் மிஷின் சத்தத்தில் ஒரு காதும் கேட்காமல் இருந்தீர்கள். கீழே அமைதியாக இருக்குமாமே, இப்போதாவது கேட்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் வருஷ நினைவு நாளுக்கு நம் பெங்களூர் ஈஜிபுரா பஸ் ஸ்டாப்பில் உங்கள் படம் போட்டு பிளெக்ஸ் வைக்கலாம் என்றார் உங்கள் தம்பி சேகர். உயிரோடு இருந்தபோதே போட்டோவுக்குச் சிரிக்காத மனுஷன், இப்போது மட்டும் என்ன வாழ்கிறது, நான் கடிதம் எழுதி என் பூக்கடைத் தட்டியில் ஒட்டிக்கொள்கிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் சிரித்துவிட்டு ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு போகட்டும். நம் பவி படித்துப் பார்த்து மூன்று இடத்தில் 'ழ' திருத்திவிட்டாள். வேறு எதிலும் கை வைக்க விடவில்லை.

முதலில் நம் பழைய சண்டை. ஊரெல்லாம் தண்ணீருக்காக எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டவர் நீங்கள். கடைசியில் ஆறடியில் படுத்துவிட்டீர்கள். ஆறடியில் வேலையை நிறுத்தினால் எந்த வீட்டுக்காரன் உங்களைச் சும்மா விட்டிருப்பான்? நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "சரி" என்றீர்கள். உங்கள் வீட்டுச் 'சரி' எனக்குத் தெரியாதா? எனக்கு இஷ்டமில்லை, ஆனால் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு லாரி ஏறினீர்கள். தெரிந்தும் நான் அந்த வார்த்தையை நம்பி இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அதே 'சரி'யை உங்கள் மகளும் வைத்துக்கொண்டு என் உயிரை எடுக்கிறாள்.

பவி பி.யூ.சி. முடித்துவிட்டாள். நல்ல மார்க். நல்ல மார்க் வாங்கினால் கஷ்டம் தீரும் என்று சொன்னவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் நான்கு கேள்வி கேட்பேன். இரண்டு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. ஒன்று இங்கேயே, ஊருக்கு வெளியே, முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். கம்ப்யூட்டர் படிப்பு. காலேஜ் பஸ் நம் சிக்னலுக்கே வரும். சேகர் அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், ஃபீஸில் சலுகைக்கு யார் யாரையோ பிடித்து வைத்திருந்தார். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். உள்ளே எஸ்கலேட்டர் ஓடுகிறது. படிக்கிற இடமா, பட்டுப்புடவைக் கடையா என்று கேட்டேன். சேகருக்குக் கோபம்.

இன்னொன்று வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள். கவர்மென்ட் யுனிவர்சிட்டி. போட்டோவில் பார்த்தேன், பழைய கட்டடம், சுற்றிலும் மரம், ஒரு பெரிய பாறை. படிப்பும் பாறையைப் பற்றித்தானாம். ஜியாலஜி. இந்தப் பேரைச் சொல்லப் பழகவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. "சின்ன வயசுலேருந்து ரேஷன் அரிசியில கல்லு பொறுக்கறேன், எனக்கு எவனும் டிகிரி குடுக்கல" என்றேன். பவி சிரித்தாள். சிரித்தாளே தவிர மனசு மாறவில்லை.

யாருடைய வேலை இது என்று எனக்குத் தெரியும். மற்ற அப்பாக்கள் வேலை விட்டு வரும்போது பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கி வருவார்கள். நீங்கள் போர் குழியிலிருந்து வந்த கல் சில்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. 'ஒயிட்ஃபீல்டு. 640 அடி. பவிக்கு.' 'ஹொஸ்கோட்டே. 910 அடி. பவிக்கு.' பிஸ்கட் டப்பா நிறையக் கல். அதில் எத்தனை தடவை காலை இடித்துக்கொண்டிருக்கிறேன், தெரியுமா?

எங்கே சேர்கிறோம் என்று சொல்ல ஒரு வாரம்தான் கெடு. அந்த ஒரு வாரம் ஊரே என் கடையில்தான் நின்றது. சாமந்தி வாங்க வந்தவர் கம்ப்யூட்டர் என்றார். ரோஜா வாங்க வந்தவர் கவர்மென்ட் என்றார். வீட்டு ஓனர் அம்மா, "அஷ்டு தூர பேடம்மா, பொண்ணு பிள்ளை" என்று கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி, அவ்வளவு தூரம் வேண்டாமென்று பயமுறுத்தினார். சேகரோ தினமும் டீக்கு வந்து, "அண்ணி, அண்ணன் இருந்தா இதான் சொல்லியிருப்பார்" என்றார். அண்ணன் இருந்தால் 'சரி' என்று மட்டும்தான் சொல்லியிருப்பார், அது எனக்குத்தானே தெரியும். இத்தனை பேர் பேசினார்கள். பேச வேண்டிய நீங்கள் படத்துக்குள் விறைப்பாக நின்றீர்கள். பேச வேண்டிய பவியும், "நீயே சொல்லும்மா" என்று விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது நான் ஜெயித்திருப்பேன்.

அதனால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்பு. தெருமுனை மாரியம்மன் முன்னால் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் பெங்களூர், சிவப்பு வந்தால் வடக்கு. பவி, "சரிம்மா" என்றாள்.

பொட்டலம் கட்டியது நான்தான். இருபது வருஷமாகப் பூக்கட்டுகிறவளை விட்டு வேறு யார் கட்டுவார்கள்? நந்தியாவட்டையை ஒரு இலையில் வைத்தேன். அடுத்த இலையை எடுத்தேன். செவ்வரளி கூடையில்தான் இருந்தது. கை அதன் பக்கமே போகவில்லை. இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையையே வைத்து, நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. பூசாரி, அம்மாவே சொல்லிவிட்டாள் என்றார். நான் அம்மன் முகத்தைப் பார்க்காமல் விபூதி வாங்கிக்கொண்டேன். பவி மற்ற பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாமி பூ, கீழே போட மனசு வராது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பெருக்கும்போது டப்பா மறுபடியும் காலில் இடித்தது. திறந்தேன். உங்கள் கல்லுக்கு மேலே என் பொட்டலம். ஆனால் முடிச்சு என்னுடையது இல்லை. நான் போடுவது இழுத்தால் அவிழும் ஒற்றை முடிச்சு. இது இரண்டு காது வைத்த ஷூ லேஸ் முடிச்சு. அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறாள். நாருக்குள் உங்களைப் போலவே ஒரு சீட்டு: 'கோயில். ரெண்டும் வெள்ளை.'

அன்று மத்தியானம் கடையில் அவள் நாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை எதிரில் வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்டி சரின்னே?"

தலையைத் தூக்காமல் சொன்னாள். "சாமி முன்னாடியே பொய் கட்டற அளவுக்கு உனக்கு பயம்னா, நான் எப்படிம்மா போறது?"

பவி அப்பா, எனக்கு ரயில் பயமில்லை. ஊர் பயமில்லை. பெண்பிள்ளை தனியாக என்ற பயம்கூடப் பாதிதான். இவளும் போய்விட்டால் வீட்டில் நான் யாரைக் கிண்டல் செய்வது? உங்கள் படத்தையா? மூன்று வருஷமாகச் செய்து பார்க்கிறேன், ஒரு தடவையாவது முறைத்தீர்களா? இதை அவளிடம் சொல்ல முடியவில்லை. வாய் வேறு எதையோ சொன்னது.

"நான் பயந்தா நீ நிக்கணுமாடி? நான் பயந்த அன்னிக்கெல்லாம் உங்கப்பா நின்னிருந்தா, இந்த ஊர்ல பாதி வீட்டுல கொழாய்ல தண்ணி வந்திருக்காது. போனை எடு."

வடக்குப் பக்கத்து யுனிவர்சிட்டிக்கு ஒப்புதல் சொல்லும் பட்டனை அவள் எனக்குக் காட்டினாள். நான்தான் அழுத்தினேன். விரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை ஏற்கவில்லை. போனுக்குக்கூட என் மேல் நம்பிக்கை இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.

சேகர் ஒரு வாரமாக டீக்கு வரவில்லை. பூசாரியிடம் உண்மையைச் சொன்னேன், மூன்று வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலை கட்டிப் போடச் சொல்லிவிட்டார். பவி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவேன் என்கிறாள், அந்தக் கனத்தை யார் சுமப்பது என்று தினமும் சண்டை. செய்தது சரிதானா, தப்பா? ஒரு பேச்சுக்காவது யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்க வேண்டிய ஆள் நீங்கள். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இதில் பொய் கட்டவில்லை. முதல் லீவுக்கு வரும்போது அவள் நிச்சயம் ஏதாவது ஒரு கல்லைக் கொண்டுவருவாள். அதைக் காகிதத்தில் மடித்து, எந்த ஊர், எத்தனை அடி என்று கேட்டு, என் கையெழுத்தில் நானே சீட்டு எழுதுவேன். கடைசி வரியில் 'பவி அப்பாவுக்கு' என்று போட்டு, அன்றைக்கு மட்டும் பூவுக்குப் பதில் அதை உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன்.

அப்போதாவது கொஞ்சம் சிரியுங்கள்.

உங்களோடு சண்டையை இன்னும் முடிக்காத மனைவி,
பவி அம்மா தனம்