மொட்டைமாடிக்கு ஒரு காற்றாலை

ஜூலை 14, ஞாயிறு
தெலுங்குச் சீமையில், இந்த அல்வால் வீட்டு மாடியில் இன்று பேய்க்காற்று. காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு ரஹீம் பாயின் தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. எங்கள் உடுமலைப் பக்கமும் ஆனியில் இப்படித்தான். காற்றாலை நிழலில் ஆடு மேய்ப்போம். நிழல் சுற்றுவதைக் கண்டு மிரண்ட கிடாயைத் துரத்திப் போய், ஊர் பேர் தெரியாத கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கிடாய் எனக்கு முன்னால் வீடு வந்திருந்தது.

அது கிடக்கட்டும். மாடியில் சின்னதாக ஒரு காற்றாலை வைத்தால் என்ன? கரண்ட் போனால் என் சம்சாரம் தாயம்மாளின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுகிறது. அவள் வாயைத் திறந்து காற்றைத் தேடுவதைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 21
மருமகன் பிரசன்னா விசாரித்தார். "ஒரு வருஷம் காத்தை அளந்து பாக்கணுமாம், மாமா."
"காத்துக்குள்ளயே பொறந்தவனுக்கு அளவு எதுக்குங்க மாப்பிள்ளை?"
இருந்தாலும் மூங்கில் நட்டு ஒரு சேலைக் கிழிசலைக் கட்டினேன்.

ஆகஸ்ட் 9
துணி நிற்கவே இல்லை.

செப்டம்பர் 28
கம்பம் நிறுத்த மாடியில் கான்கிரீட் போட்டாயிற்று. ரஹீம் பாய் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். "நக்கோ, வேணாம் அண்ணே, அவசரப்படாதீங்க. குளிர் வந்தா இங்க காத்து தூங்கிடும்" என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

நவம்பர் 30
துணி தொங்குகிறது. நாளைக்கு அடிக்கும்.

டிசம்பர் 17
காலையில் பனியும் புகையும். கரண்ட் இல்லை. தாயம்மாளுக்கு இழுப்பு. அவளை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன் — துணியைப் பார்க்க! எதுக்கு ஓடுனேன்?

கரண்ட் வந்து, மூச்சு தெளிந்ததும் சொன்னாள்: "ஏனுங்க, காத்தடிக்கிற அன்னிக்கு நான் நல்லாத்தானே இருக்கறேன்? உங்க காத்தாடிக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் மூச்சு முட்டுது."

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரல. இதை அவளுக்கு வெக்கறனா, எனக்கா?

டிசம்பர் 18
வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். சோலார் தகடும் பேட்டரியும் போடலாம் என்றார்.
"அப்போ அந்தக் கான்கிரீட்டு, மாமா?"
"நான் உக்காந்துக்கறேன், போங்க."

பிப்ரவரி 11
மத்தியானம் ரஹீம் பாய் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "காலைலேர்ந்து தெருவுக்கே கரண்ட் இல்லையே அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?"
எனக்கு அப்போதுதான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தேன். சோலார் பேட்டரியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாயம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பி, சீரான மூச்சோடு நல்ல தூக்கம்.