கடலூருக்குப் போன தந்தி

நவம்பர் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஏரியல் கம்பி மறுபடி அறுந்து கரீம் பாய் வீட்டு ஓட்டின் மேல். எடுக்கப் போனேன்.

"என்னா லூர்து, இந்தக் கம்பியில என்னா புடிக்கிற, மீனா?"

"மெட்ராஸ் புடிக்கிறேன் பாய்."

"புடிச்சா நம்ம வீட்டுக்கும் ரெண்டு துண்டு அனுப்பு."

இந்த முறை பீங்கான் குமிழ் வைத்துக் கட்டினேன். பலன் உண்டு. இரண்டு வால்வ், ஒரு பிஸ்கட் டின், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே ஈயம் பற்றவைத்த ரேடியோ செட். சாயங்காலம் மெட்ராஸ் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. இன்று செய்தி படித்தது நம் ஆள். பெயர் தெரியாது, குரல் போதும். "கடலூர்" என்று சொல்லும்போது நடுவில் ஓர் அழுத்தம் கொடுப்பார். கதவைச் சாத்திக்கொண்டு நானும் அப்படிச் சொல்லிப் பார்ப்பதுண்டு.

இன்று அவர் கடலூர் என்றது பிடிக்கவில்லை. வங்கக் கடலில் புயல் சின்னம். கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றம்.

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அக்கா ஊர்ல கூண்டு ஏத்திட்டாங்க."

"எதுக்குடா, கோழி வளக்கவா?"

துறைமுகக் கம்பத்தில் புயலுக்கு அடையாளமாக ஏற்றுவது என்று விளக்கி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்தது. திட்டு எனக்கு.

ரோஸ் அக்காவைக் கொண்டுபோய் விட்டு இரண்டு வாரம்கூட இல்லை. பையனுக்கு மூன்று மாதம். இங்கே இருந்தவரை ரேடியோ இரைச்சல் இருந்தால்தான் தூங்குவான். மச்சான் வீடு துறைமுகத்துப் பக்கம், உப்பனாற்றங்கரையில். தணிந்த ஓட்டு வீடு, மண் சுவர். சாதாரண மழைக்கே வாசலில் தண்ணீர் நிற்குமாம்.

15, செவ்வாய்

மழை இல்லை. குளிர். ஒரு காது அடைப்பு.

மச்சானின் கார்டு. புயல் மாதமாயிற்றே என்று போன வாரம் நான் எழுதியதற்குப் பதில். நான் எழுதியது:

அரிசி, உப்பு தகர டின்னில், பரண் மேல்.
நல்ல தண்ணீர் இரண்டு குடம், மூடி வைக்க. கிணறு உப்பாகிவிடும்.
தீப்பெட்டி மெழுகுத்துணியில்.
ஓட்டின் மேல் மணல் மூட்டை.
கோழிகளை அவிழ்த்துவிட.
காற்று திடீரென்று நின்றால் வெளியே வரக் கூடாது. மறுபக்கமிருந்து திரும்ப அடிக்கும்.

மச்சான் எழுதியது: "தம்பிக்கு. நாங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்தவர்கள். மலைமேல் உட்கார்ந்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. கோழியை அவிழ்த்துவிடும் யோசனையை அம்மா மிகவும் ரசித்தார்கள்."

ரசித்தார்களாம்.

சாயங்காலம் செட்டில் ஒரே கரகரப்பு. கூண்டு நம்பர் ஏறியிருக்கிறது. நாளை இரவுக்குள் கரை கடக்கலாம். எங்கே என்பதற்குச் சரியாக, கட... கட... என்று இழுத்து அமுங்கிவிட்டது. கடலூரா, கடப்பாக்கமா?

அப்பா தையல் கடையிலிருந்து வந்து சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"பெங்களூர்ல குந்தினு கடலூருக்குக் குடை புடிக்கிற. போயி துன்னு."

16, புதன்

காலையிலேயே தந்தி ஆபீஸ். யாரிடமும் சொல்லவில்லை.

மச்சானுக்கு இங்கிலீஷ் அரைகுறை. தமிழில் தந்தி போகாது. ஆகவே தமிழையே இங்கிலீஷ் எழுத்தில். என்ன சொல்வது என்பது வழியெல்லாம் யோசித்ததுதான். அவர்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மாடி வீடு, கெட்டியான காரைக் கட்டடம் என்று அக்கா எழுதியிருந்தாள். அதில் ஏறிக்கொண்டால் போதும். "போங்கள்" என்பதை வெட்டினேன், ஒரு வார்த்தை மிச்சம்.

PUYAL VARUTHU ELLARUM MADI LOURDU

தந்தி மாஸ்டர் கன்னடக்காரர். வாய்விட்டுப் படித்தார். "எல்லாரும் மாடி... ஏனு மாடி?"

"என்னா சார்?"

"மாடி அந்த்ரெ, செய்யுங்கோ. எல்லாரும் செய்யுங்கோ. என்னா செய்யணும்? அது இல்லியே."

"இது தமிழ் மாடி சார். மேல் மாடி."

"ஓ, மஹடி." தட்டினார்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒரு காரியம் உருப்படியாகச் செய்தது போல.

சாயங்காலம் இங்கேயும் காற்று. பாட்டரி சோர்ந்துவிட்டது, குரல் தண்ணீருக்கடியில். அம்மா ஜெபமாலையோடு வாசற்படியில் நின்றபடி, "உன் ஆளு என்னா சொன்னாரு?" முதல் தடவையாகக் கேட்கிறாள். அடைக்காத காதைச் செட்டோடு ஒட்டிவைத்தேன்.

17, வியாழன்

கரை கடந்துவிட்டது, கடலூருக்குக் கொஞ்சம் தெற்கே. தந்திக் கம்பிகள் அறுந்து கிடக்கின்றன என்று காலைப் பேப்பரில். அவ்வளவுதான். ஆள் சேதம் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையா, தெரியவில்லையா?

அப்பா கடைக்குப் போகவில்லை. செட்டின் முன்னால் போய் உட்கார்ந்தார். சார்ஜுக்குக் கொடுத்த பாட்டரி இன்னும் வரவில்லை.

19, சனி

மத்தியானம் தந்தி. அம்மா கதவைத் திறக்காமல் உள்ளே ஓடிவிட்டாள். நான்தான் வாங்கினேன்.

மச்சான். யாரையோ வைத்து இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்: தாயாரைச் சபித்து வந்த தந்தி கிடைத்தது. இனி உங்கள் வீட்டுத் தந்தியை வாங்க மாட்டோம். மாமா உடனே வரவும்.

அக்காவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பையனைப் பற்றி இல்லை.

"என்னாடா தந்தி குடுத்த?" அப்பா.

எழுதிக் காட்டினேன். அப்பா விரலை வைத்துக்கொண்டு படித்தார். "புயல் வருது. எல்லாரும்..." நின்றுவிட்டார். மறுபடி படித்தார். "எல்லாரும் மடி."

"மாடிப்பா. மாடி."

"எங்கடா இருக்கு மாடி? மடின்னுதானே கீது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாரும் சாவுங்கன்னு தந்தியடிச்சிருக்கியேடா, பாவி. அதுவும் பொயல் அன்னிக்கி."

"மாடி வீட்டுக்குப் போகச் சொன்னேம்மா."

"அந்த ஊர்ல எவன்டா மாடின்றான்? மெத்தைம்பாங்க. மெத்தை வீடு. நான் போயிருந்தப்போ நாலு நாளும் அதான் காதுல வுழுந்துச்சி."

எனக்கு எப்படித் தெரியும்? மெத்தை என்றால் படுப்பது.

ஓர் எழுத்து. இன்னும் ஒரு 'ஏ' போட எவ்வளவு நேரமாகும்? கையை வெட்டிக்கொள்ளலாம் போல.

20, ஞாயிறு

பூசை. பிரசங்கம் எதுவும் தலைக்குள் போகவில்லை. மடி, மாடி, மடி, மாடி. பாட்டரி வந்துவிட்டது. செட்டைத் தொடவில்லை.

21, திங்கள்

அக்கா கடிதம். பென்சில், அவசரக் கையெழுத்து. இரண்டு பேரும் நலம். முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டாள், என் அக்கா. அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னாள், அந்த வரியை மட்டும்.

மீதி இது. தந்தியைத் தந்திக்காரர் படித்துக் காட்டியதுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டதாம். "அது மடி இல்ல அத்தை, எங்க ஊர்ல மெத்தையை மாடிம்போம், எதிர் வீட்டு மெத்தைக்குப் போகச் சொல்றான்" என்று சொல்லியும் இருக்கிறாள். மாமியார் சொன்னது: "அவன் வீட்டு மெத்தைக்கா? அதுக்கு முன்ன படிச்ச மடியே தேவலாம்."

எதிர் வீட்டுக்காரர்கள் மண் கொட்டி உயர்த்திக் கட்டியதில் தெருத் தண்ணீர் முழுக்க இவர்கள் வாசலுக்குத் திரும்பிவிட்டதாம். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மெத்தை வீட்டைப் பற்றி எழுதினாளே தவிர இதை எழுதவில்லை.

ராத்திரி தண்ணீர் ஏறி, தொட்டிலுக்கு அடியில் வந்ததும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மட்டும் தெருவைக் கடந்திருக்கிறாள். முழங்கால் தண்ணீர். எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து, முதலில் பையனை வாங்கிக்கொண்டு, பிறகு இவளைக் கையைப் பிடித்து இழுத்தாளாம். மச்சானும் மாமியாரும் பரண் மேல் ஏறித் தப்பித்தார்கள். விடிந்து பார்த்தால் பின்னறைச் சுவர் இல்லை. தொட்டில் தொங்கிய அறை.

இப்போது மாமியார், எதிரி வீட்டுச் சோறு தின்றவள் என் படி ஏறக் கூடாது என்கிறாள். அக்கா இன்னும் எதிர் வீட்டு மெத்தையிலேயே. சுவர் விழுந்ததற்குக் காரணமும் தெரியுமாம்: "அவ தம்பி மடின்னான். செவுரு மடிஞ்சிடுச்சி." மச்சான் தினம் தெருவில் வந்து நின்று, மேலே பையனைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான்.

ஓர் எழுத்துக்காக இரண்டு நாள் என்னையே அறைந்துகொண்டேன். சரியாகப் படித்துச் சொன்ன பிறகும்தான் அவர்கள் நகரவில்லையே. இதற்கு என்ன எழுதுவது, எந்த எழுத்தில்?

22, செவ்வாய்

வெயில். அப்பா கடலூருக்குக் கிளம்பினார், காட்பாடியில் ரயில் மாறி. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க.

"எதுக்குப்பா மன்னிப்பு? அக்கா போகலன்னா..."

"நீ கேக்க மாட்ட. யாராச்சும் கேக்கணும் இல்ல? நாளைக்கி அவ அந்தத் தெருவுலதான் வாழணும்."

"இங்கயே இருக்கட்டும்."

"எத்தினி நாளைக்கிடா?" பையைத் தூக்கிக்கொண்டார். "அந்த எதிர் வீட்டுக்காரங்களுக்கும் ஏதாச்சும் சொல்லணும். என்னா சொல்றதுன்னுதான் தெரில."

கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது கரீம் பாய் வாசலில். "என்னா லூர்து, கம்பி என்னா சொல்லுது?" சிரிக்காமல் கேட்டார்.

சாயங்காலம் செட் போட்டேன். நம் ஆள் இல்லை, வேறு யாரோ. வங்கக் கடலில் இன்னொன்று. கடலூரில் மறுபடி கூண்டு.

தந்தி ஆபீஸ் சாத்துவதற்குள் ஓடினேன். மச்சான் பெயருக்குப் போட்டால் வாங்க மாட்டார். அக்கா பெயரை எழுதினேன்.

"கேர் ஆஃப் யாரு?" மாஸ்டர்.

"அவ எதிர் வீட்ல இருக்கா சார்."

"சரி. அவரு பேரு?"

தெரியாது. அக்காவின் கடிதம் முழுக்க "எதிர் வீட்டம்மா"தான். அம்மாவுக்கும் தெரியாது. அப்பா ரயிலில்.

"பேரு இல்லேன்னா நேரா புருஷன் மனேக்கே, வூட்டுக்கே குடுப்பான். அஷ்டே, அவ்ளோதான்."

மச்சான் வீட்டு எதிர் மெத்தை வீடு என்று எழுதினேன்.

"மெத்தை? படுக்கற மெத்தையா?"

"இல்ல சார். உயரமான வீடு."

என் முகத்தைப் பார்த்தார். தட்டத் தொடங்கினார்.

தந்திக்காரர் எந்தக் கதவைத் தட்டுவாரோ.