குழாய்க்குள் கத்தியவர்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து மழை. பதுளையில் கிளினிக். அப்பாவை ஆட்டோவில் ஏற்றவே அரை மணி. வலது காலை இழுக்கிறார், ஆனால் நடக்கிறார். பேச்சுத்தான் இல்லை. பக்கவாதம் வந்து ஐந்து வாரம். “ஆ” மட்டும். பசிக்கும் “ஆ”, கோபத்துக்கும் “ஆ”.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் நல்லவர். சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். “மனப்பாடமா இருக்கிறது சில பேருக்கு வேற எடத்தில இருக்கு டீச்சர். பாட்டு, தேவாரம், ஒண்ணு ரெண்டு எண்ணுறது. போட்டுக் காட்டுங்க. வராட்டியும் பரவாயில்ல.”

வரும் வழியில் பசறையில் மருந்து வாங்கினேன். குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

தேவாரம் போட்டேன். பஜனைப் பாட்டு. அவர் காலத்துச் சினிமாப் பாட்டு ஏழு. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றுமில்லை. போனைக் கையால் தள்ளிவிட்டார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவரு எப்ப தேவாரம் பாடுனாரு? கோயில்ல கூட கொட்டாவி விடுவாரு. அந்தப் பங்களாப் பெட்டியக் கொண்டாந்து வையி. இங்கிலீஷு கத்துவாரே, அது தவிர இவருக்கு என்ன மனப்பாடம்?”

போனைக் கீழே வைத்தேன்.

அப்பா பதினாறு வயதில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை பங்களாவில் சமையலுக்குப் போனவர். துரையிடம் அவருடைய தகப்பன் காலத்து கிராமபோனும் கொஞ்சம் இசைத்தட்டும் இருந்தன. ஞாயிறு பிற்பகல் துரைக்கு அது வேண்டும். சாவி கொடுப்பது அப்பா. தட்டில் பாட்டில்லை, பேச்சு. நானூறு வருசத்துக்கு முந்திய அந்த ஆங்கில நாடகக்காரரின் வசனங்கள். நான் ஏ/எல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் அதே ஆள்தான். கேட்டுக் கேட்டு அப்பாவுக்கு ஒரு நீளப் பேச்சு பாடமாகிவிட்டது. துரை பெட்டியை விட்டுவிட்டுச் சீமைக்குப் போன பிறகும் எங்கள் லயத்து வரிசை வீட்டு முற்றத்தில் நின்று சொல்லுவார். குரலை இழுத்து, நடுங்கவிட்டு, “ர்”ரை உருட்டி. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

எனக்குப் பதினாலு வயதில் பதுளையில் ஹொஸ்டல். பெற்றோர் தினத்தன்று என் இங்கிலீஷ் டீச்சர் முன்னால் அதைச் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது: “அர்த்தமும் தெரியாம, உச்சரிப்பும் தெரியாம எதுக்குப்பா கத்துறீங்க?”

அதற்குப் பிறகு அவர் சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட.

ஒக்டோபர் 15, புதன்

தூக்கமில்லாத தலைவலி. மூன்று பாடம், ஒன்றும் ஓடவில்லை. கரும்பலகையில் எழுவாயைத் தப்பாக எழுதினேன், பிள்ளைகள் திருத்தினார்கள்.

இன்டர்வெலில் தோட்ட ஒப்பீஸ் கிளார்க்குக்கு போன். பங்களாச் சாமான் எல்லாம் முன்பே விற்றாகிவிட்டது, பண்டாரவளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா வாங்கினார் என்றார். நானாவின் நம்பர் கிடைத்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. நாளை லீவு போட்டு நேரே போவது.

- 6.10 பஸ்
- போன் சார்ஜ்
- அந்தப் பேச்சு உள்ள புத்தகம்
- அப்பாவின் மாத்திரையை அம்மாவிடம் சொல்லி வைக்க

ஒக்டோபர் 16, வியாழன்

மூன்று பஸ் மாறிப் பண்டாரவளை. குளிர். கடை மார்க்கெட்டுக்குப் பின்னால். நானாவுக்கு அறுபது இருக்கும். “மடுல்சீமையில இருந்தா? இதுக்காகவா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

பெட்டி இருந்தது! தட்டு ஆறு. நினைத்ததைவிடக் கனம். ஒரு பக்கம்தான் கோடு, மறுபக்கம் மொட்டை. நடுவில் ஒட்டிய தாளைப் பூச்சி தின்றிருந்தது, பேசியவர் பெயர் போய்விட்டது. நாடகக்காரர் பெயரில் பாதி மிச்சம். ஒரு தட்டில் விளிம்பிலிருந்து விரிசல். அதுதான் அப்பாவுடையது என்று போட்டதும் தெரிந்தது.

முதலில் எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல், தூரத்திலிருந்து. மைக் வராத காலம். குழாய்க்குள் கத்தித்தான் பதிந்திருக்கிறார்கள். இழுக்கிறார். நடுங்குகிறார். “ர்”ரை உருட்டுகிறார். கோபமாகத் தொடங்கிக் கெஞ்சலில் இறங்குகிறார். இன்றைக்கு லண்டனில் யாராவது இப்படிப் பேசினால் அவர்களும் சிரிப்பார்கள்.

அப்பா தப்பாகச் சொல்லவில்லை. இந்த மனிதர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஒரு மூச்சுகூட மாறாமல் அப்பா சொல்லியிருக்கிறார்.

நானா பிளேன்டீ கொடுத்தார். அதை ஆறவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

பெட்டி சனிக்கிழமை எல்ல என்ற ஊருக்குப் போகிறது, ஒரு ஹோட்டலுக்கு. வாசலில் அழகுக்கு வைக்கவாம். தட்டுகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்களாம். “வாக்குக் குடுத்திட்டன் டீச்சர். இனி மாத்தேலா.” போனில் பதிந்துகொண்டு வந்தேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஸ்கூல் விட்டதும் ஓடி வந்தேன். அப்பா கட்டிலில். போனைக் காதருகில் வைத்தேன். குரல் தொடங்கியதும் நிமிர்ந்தார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுபடி போட்டேன். “ஆ!” என்று ஒரு அதட்டல். நிறுத்திவிட்டேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ?

அம்மா: “பெட்டி இல்லாம சத்தம் மட்டும் வந்தா? சாவி குடுத்த மனுசன்டி.”

நானாவுக்கு போன். எல்லாவற்றையும் சொன்னேன், பஸ் ஸ்டாண்டில் சொன்னதையும் சேர்த்து. ஏன் அதைச் சொன்னேன் தெரியவில்லை. அவர் சொன்னது: “எல்ல ஒரு பக்கம், மடுல்சீமை ஒரு பக்கம். அந்த ரோட்டில வேன் வருமா எண்டும் தெரியா. பாப்பம்.”

வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். துணி மடித்தேன். கலைத்து மறுபடி மடித்தேன்.

ஒக்டோபர் 18, சனி

எட்டரை வரை மழை. ஒன்பதுக்குப் போன் அடித்தேன், லைன் இல்லை. பத்துக்கு வாசல் பக்கம் போவதை விட்டுவிட்டேன். பத்தே முக்காலுக்கு ஹோர்ன்.

நானா முழங்கால் வரை சேறு. வேன் இரண்டு இடத்தில் சேற்றில் இறுகி, கொழுந்து எடுக்கிற ஆட்கள் தள்ளிவிட்டிருக்கிறார்கள். “பெட்டி உடையல்ல” என்றார் முதல் வேலையாக.

அப்பாவைக் கதிரையில் உட்கார வைத்தோம். பெட்டியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். நான் சாவியைக் கையில் வைத்தேன். தானே சுற்றினார். வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தினார். எண்ணிக்கை கைக்குத் தெரிந்திருக்கிறது.

இரைச்சல். குரல். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பாதி தட்டு ஓடியிருக்கும். ஊசி விரிசலில் ஏறி ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது. குரல் வேறெங்கோ போய்விட்டது. அப்பா போகவில்லை. விட்ட வரியை அவர் சொன்னார். வாய்விட்டு. இழுத்து, நடுங்கவிட்டு, “ர்”ரை உருட்டி.

நானா, “அல்லாஹ்வே” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எட்டுச் சொல். ஒன்றும் தப்பில்லை.

அவர் காலடியில் உட்கார்ந்தேன். “அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியல. பஸ் ஸ்டாண்டுல நான்...” அவருக்கு ஞாபகம் இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை. இடது கையால் என் தலையை ஒதுக்கிவிட்டார். தட்டு மறைக்கிறதாம்.

நேரமாகிவிட்டதே என்று நானாவைப் பார்த்தேன். அவர் சேற்றுக் காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். “இன்னொருக்கா வைங்க. எல்ல எங்கயும் ஓடாது.” நான்கு தடவை ஓடியது. நான்காவது தடவை அப்பா தட்டுக்கு முந்திக்கொண்டார்.

ஒரு மணிக்கு நானா கிளம்பினார். பெட்டி அவரோடு போனது. விரிசல் தட்டை வைத்துவிட்டுப் போனார். “ஓட்டைத் தட்டு சுவருக்கு எதுக்கு?”

ஒக்டோபர் 19, ஞாயிறு

காலையில் ஒரு தடவை, பெட்டி இல்லாமல், முதல் நாலு வரி. மத்தியானம் கேட்டால் “ஆ”. மாலையில் கேட்டால் முறைப்பு. மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். “ரொம்ப நல்லது. ஆனா அவர் நினைச்சதைச் சொல்றது வேற. பொறுமை.” தெரியும். தெரிந்தும் அரை மணிக்கு ஒரு தடவை அறை வாசலில் போய் நிற்கிறேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெயில், கடைசியாக. அப்பாவுக்குப் புதுச் சட்டை, பொத்தான் நான் போட்டேன். அம்மா ஆட்டுக்கறி வைத்தாள். முதல் வாய் ஊட்டினேன். மென்றார். நிறுத்தினார்.

“உப்பு.”

அம்மா ஓடிப்போய் உப்புப் போத்தலைக் கொண்டுவந்தாள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. கட்டிலில் தட்டினார். “உப்பு! உப்பு!”

“கூடிப்போச்சாம்,” என்றாள் அம்மா. “வாய் வந்ததும் மொதல்ல எங்கறியக் குத்தஞ் சொல்லத்தான் வந்திருக்கு.” அந்தப் பக்கம் திரும்பி நின்று குழம்பில் வெந்நீர் ஊற்றினாள். நிறையவே ஊற்றிவிட்டாள்.