டிரையர் ரூமுக்குப் போன சாக்லேட்

மார்ச், செவ்வாய்க்கிழமை. சூரியநெல்லி.

சமவெளியில் கோபாலபுரத்தில் இருக்கும் அக்கா ஒருவர் நேற்று போன் செய்தார். தன் மகள் காதுகுத்துக்குத் தாம்பூலப் பையில் போட, வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் என்னிடம் கேட்டிருந்தார். மலைக்குக் கீழேயிருந்து வந்த முதல் ஆர்டர். மாதிரிக்கு எட்டுத் துண்டு பஸ்ஸில் அனுப்பியிருந்தேன்.

"ஏனுங்க, எட்டும் ஒண்ணா ஒட்டிப் போச்சுங்க. புள்ளைக தோசைக்குத் தொட்டுத் தின்னுட்டாங்க. ருசி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா விசேஷத்துக்குக் கடை மிட்டாயே வாங்கிக்கறோமுங்க."

தோசைக்குத் தொட்டுக்கொள்ளவா நான் காய்ச்சினேன்? தப்பு என்னுடையதுதான். இங்கே ஜன்னலோரம் வைத்தாலே இறுகிவிடுகிறது. கீழே வெயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

"ரெண்டு நாள் பொறுங்கக்கா, மிட்டாய் வாங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பால்பொடியைக் குறைத்து, கொக்கோவைக் கூட்டி மறுபடி அச்சில் ஊற்றினேன்.

கோபாலபுரம் அளவுக்குச் சூடான இடம் இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. தேயிலை ஃபேக்டரியில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும், இலை உலர்த்தும் டிரையர் ரூம். இன்று காலையில் இவருடைய சாப்பாட்டோடு, புதுச் சாக்லேட் எட்டு வைத்த இன்னொரு டப்பாவையும் கொடுத்தேன்.

"சூப்பர்வைசர் கேட்டா என்னன்னு சொல்ல?"

"அதுவும் வேலைக்கு வந்திருக்குன்னு சொல்லுங்க."

சாயங்காலம் திறந்து பார்த்தோம். மூலைகள் கொஞ்சம் மழுங்கியிருந்தன. ஆனால் எட்டும் எட்டாகவே கிடந்தன. என் மகள் ஒன்றை எடுக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன்.

அதற்கு நாளைக்கும் ஷிஃப்ட் இருக்கிறது.