வெறுங்காலும் இரண்டாவது சானலும்

ஏப்ரல் 15, திங்கள்

வெயில். காற்றே இல்லை. தையல் கடையில் ஊசி உடைந்து முதலாளியிடம் திட்டு.

மாலையில், குழுவை நடத்துகிற பாடகர் சேவியர் அண்ணன், கிட்டாருக்கான புது ஆம்ப்பை வேனில் கொண்டுவந்து இறக்கினார். புதிது என்றால் எங்கள் இசைக்குழுவுக்குப் புதிது. பினாங்கில் ஏதோ ஹோட்டல் பேண்டு கலைந்ததில் வாங்கினாராம். இரண்டு சானல். சா.1 சுத்தமான சத்தம், பாட்டுக்குப் பின்னால் கோர்டு பிடிக்க. சா.2 கிழிசல் சத்தம், லீடு வாசிக்க, அதாவது பாட்டுக்கு நடுவே கிட்டார் தனித்துப் பாட. தரையில் வைக்க ஓர் இரும்புப் பெட்டி. காலால் அமுக்கினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்.

வாசலில் நின்றபடியே சொன்னார்: "சனிக்கிழம செமிலிங் எஸ்டேட் கோயில் திருவிழா. சுகு புது கீபோர்டு வாங்கியிருக்கான், தெரியுமில்ல? அதுல ஒரு பட்டன அமுக்கினா கிட்டார் சத்தம் வருது. அன்னைக்கு உன்னையும் கேக்குறேன், அதையும் கேக்குறேன். சரியா வரலன்னா நீ கோரஸ்ல நில்லும்மா. சாரி கட்டினா நல்லாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே வேறு. கோரஸாம்! சர்ச்சில் கிட்டார் பிடித்த நாளிலிருந்து இந்த மனுஷனுக்கு என்னைத் தெரியும். ஆம்ப்பை ஓர் உதை விடலாம் போல் இருந்தது. வலிக்கப்போவது என் கால்தான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெயில் அப்படியே. வாங்க வேண்டியது: மெல்லிய கம்பி, கறுப்பு நூல், அம்மாவுக்கு மாத்திரை.

சா.1: பேஸ் 6, மிட் 4, ட்ரெபிள் 6. தொடாதே.
சா.2: கெய்ன் 8, பேஸ் 9, மிட் 0, ட்ரெபிள் 8. ஆஹா! அடியில் உறுமல், மேலே பளபளப்பு. இப்படி ஒரு சத்தம் என் கையிலிருந்து வந்ததே இல்லை.

அம்மா: "மிக்சியில கல்லு விழுந்த மாதிரி இருக்கு." பக்கத்து வீட்டு மலாய் அக்கா சுவரைத் தட்டினாள். "வயலட், பெர்லஹான் சிக்கிட்!" வால்யூமை ஒன்றுக்கு இறக்கி, ஆம்ப்பில் காதை வைத்துக்கொண்டு வாசித்தேன். அப்போதும் தேன்.

சுகுவின் பட்டனெல்லாம் இதன் கிட்டே வருமா?

ஏப்ரல் 17, புதன்

ஒத்திகை. மானம் போயிற்று.

டிரம்ஸ், பேஸ் கிட்டார், தபேலா எல்லாம் சேர்ந்ததும் என் லீடைக் காணோம். "கை ஆடுது. சத்தம் எங்க?" என்றார் சேவியர் அண்ணன். வால்யூமைக் கூட்டினேன். வெறும் உறுமல், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து சேறாகிவிட்டது. சுகு பட்டனை அமுக்கி அதே லீடை வாசித்தான். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு என்னை.

சுகு மோசமானவனாக இருந்தாலாவது மனசு ஆறும். "பரவாயில்ல வயலட், புது ஆம்ப்புலா, பழகணும்" என்று கோப்பி வாங்கி வந்து கொடுக்கிறான். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுதேன். எனக்கு இந்தக் குழுவில் கிட்டார் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 18, வியாழன்

கடையில் கை ஓடவில்லை. ரவிக்கையின் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன்.

பக்கத்து வீட்டில் எல்லோரும் பண்டார் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நல்லதாயிற்று. நேற்றைய ஒத்திகையைப் பதிந்த கேசட்டை ரேடியோவில் போட்டு முழுச் சத்தம் வைத்தேன். எதிரே ஆம்ப், அதையும் ஏற்றினேன். அதன்மேல் வாசித்தபடியே ஒவ்வொரு திருகாக மாற்றினேன்.

பேஸ் 4. சேறு கொஞ்சம் வடிந்தது.
கெய்ன் 5. கிழிசல் குறைய, இன்னும் கொஞ்சம்.
மிட், அந்த நடுச் சத்தம், 8. அட! டிரம்ஸுக்கு நடுவிலிருந்து என் சத்தம் எழுந்து வருகிறது.

கேசட்டை நிறுத்திவிட்டுத் தனியாகக் கேட்டால் அசிங்கம், சளி பிடித்த மூக்கு. தனியாகக் கேட்டு மயங்கியதுதான் என் முட்டாள்தனம். அறைக்குள் மெதுவாக வைத்து அழகு பார்த்தேன். திருவிழாவில் யார் ஆம்ப்பில் காதை வைத்துக் கேட்கப் போகிறார்கள்?

அம்மா அடுப்படியிலிருந்து: "இப்பத்தான் நீ வாசிக்கிறது காதுல விழுது."

கால் பெட்டியின் பொத்தான் ரொம்ப இறுக்கம். ஞாயிறு சர்ச் பூசைக்குப் போகும் ஷூவை மாட்டிக்கொண்டு மிதித்துப் பழகினேன். தையல் மெஷின் மிதிக்கிற கால், சீக்கிரம் பழகிக்கொண்டது.

ஏப்ரல் 19, வெள்ளி

வார விடுமுறை. ஒத்திகை. லீடு கேட்டது! தபேலாக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். சேவியர் அண்ணன் "ம்" என்றார். அவ்வளவுதான். "நாளைக்குப் பாப்போம்."

ஏப்ரல் 20, சனி, மதியம்

சோறு இறங்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. எடுத்துப்போக: கிட்டார், ஒயர், கால் பெட்டி, ஷூ, மாற்றுக் கம்பி. வேன் வந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன், மனசு அங்கே இல்லை. நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மேடை கோயில் வளாகத்துக்குள்ளேயே. சிமெண்டுத் தரை, மழையில் நனைந்து கிடந்தது. கமிட்டித் தலைவர் படியிலேயே நின்றார். "செருப்பு, ஷூ எல்லாம் கீழ." எனக்குத் தெரியாதா? எத்தனை கோயில் மேடையில் வெறுங்காலோடு வாசித்திருக்கிறேன்! ஆனால் அப்போது காலுக்கு வேலை இல்லை. இரண்டு நாளாக ஷூ போட்டு மிதித்துப் பழகியவளுக்கு இது ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம்.

கிட்டார் கம்பியைத் தொட்டதுமே விரலில் சுருக்கென்றது. ஈரக் கால், ஜெனரேட்டர் கரண்டு. கால் பெட்டியை மிதித்தேன். முழங்கால் வரை இழுத்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். பிளக்கைத் திருப்பிக் குத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

சேவியர் அண்ணன் யோசிக்கவே இல்லை. "கிட்டார வெச்சுரு. சுகு, லீடு நீ அடி."

கிட்டாரைக் கழற்றப் போனேன். மேடைக்குக் கீழே நின்ற, எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டும் அக்கா ஒருத்தி, "ஏம்மா, கரண்டா அடிக்குது? இரு" என்று ஓடினாள். புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, "ஏறி நில்லு" என்றாள்.

தலைவர் முகத்தைச் சுளித்தார். "இதுவும் செருப்பு மாதிரிதானே?"

"கால்ல மாட்டினாத்தான் செருப்பு. இது பாய் மாதிரிலா, தலைவரே," என்றாள் அக்கா.

அவர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூசைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். ஏறி நின்றேன். புகை நாற்றம் மூக்கில் ஏறியது. கம்பியைத் தொட்டேன். ஒன்றும் இல்லை.

சேவியர் அண்ணன் அப்போதும் மசியவில்லை. "கோர்டு மட்டும் புடி. பெட்டிய மிதிக்காத. லீடு சுகுதான்."

நாலாவது பாட்டில் லீடு வரும் இடம். சேவியர் அண்ணன் பாடிக்கொண்டே சுகுவுக்குத் தலையால் சைகை காட்டினார். சுகு என்னைப் பார்த்தான். இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டான்.

பயம்தான். கால் ஒரு முறை பின்வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு வெறும் குதிகாலால் ஓங்கி மிதித்தேன். சா.2. கூட்டத்தின் கடைசி வரிசை வரை சளி பிடித்த மூக்கு பாடிற்று. முடித்துக் கண்ணைத் திறந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சேவியர் அண்ணன் பாட்டின் அடுத்த அடியை எடுக்க மறந்து நின்றார்.

திரும்பும்போது சேவியர் அண்ணன்தான் வேன் ஓட்டினார். பீடோங் தாண்டியதும் கேட்டார்.

"லீடு வாசிக்க யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே."

பாக்கார் ஆராங்கில் என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, ஆம்ப்பை இறக்க அவரே கை கொடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் புரோகிராம் இருக்கு. அங்கயும் யாரும் சொல்ல மாட்டாங்க. நீயா வாசிச்சுக்க."